இரண்டாவது ஆசிரியர் எங்கே போனார்?

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். ஊர் பேர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது முப்பத்திரண்டு, படிப்பு பத்தாம் வகுப்பு வரை. நூறு நாள் வேலைக்குப் போகிறார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மகள் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. 2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது, “நீதான் கொஞ்சம் படிச்சவ” என்று சொல்லி இவரைத் தலைவராக்கிவிட்டார்கள்.

பள்ளியில் 38 பிள்ளைகள். தலைமை ஆசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். அதில் டீச்சர் ஏழு மாதமாக மாற்றுப்பணியில் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டார். ஐந்து வகுப்பையும் தலைமை ஆசிரியர் ஒருவரே பார்க்கிறார். அவர் அவ்வப்போது வீட்டுக்கு ஒரு நோட்டும் சில தாள்களும் கொண்டுவருவார். இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். என்ன தாள் என்று கேட்டதில்லை. பள்ளிக்கு வருடம் 25,000 ரூபாய் மானியம் உண்டு என்று சமீபத்தில்தான் ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். பாஸ்புக்கைப் பார்த்தால் இருப்பு பூஜ்யம். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒரு வருடமாகக் கதவு இல்லை. பணத்தை விழுங்கிவிட்டார், போலீசில் புகார் கொடு என்கிறார் கொழுந்தனார். “உனக்கு எதுக்கு இந்த வம்பு” என்கிறார் கணவர். ஊரில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் வேனில் மெட்ரிக் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். “எண்ணிக்கை குறைஞ்சா மூடிருவோம்” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “போன வாரம் பஸ்ஸுக்கு நிக்கும்போது போர்டுல என்ன போட்டிருக்குன்னு பாப்பாட்ட கேட்டேன். பொன்னமராவதி. அவ ‘பா’ன்னு ஆரம்பிச்சு அப்படியே நின்னுட்டா. எனக்கு அழுகை வந்துருச்சு. ஹெச்.எம். சார் பணத்தை எடுத்துட்டாரா? கேஸ் போடலாமா? 25 சதவீதத்துல பாப்பாவை பிரைவேட்ல சேத்துரலாமா?”

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போன ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏழு மாதமாக டீச்சர் இல்லை. கொழுந்தனார் 25,000 ரூபாயைத் தேடுகிறார். அந்த டீச்சருக்கு அரசு கொடுக்கும் ஒரு வருடச் சம்பளம் அதைப்போலப் பல மடங்கு. உங்கள் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய அந்தச் சம்பளம்தான் வேறொரு ஊரில் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் பள்ளியிலிருந்து போன பெரிய தொகை அதுதான்.

முதலில் அந்தப் பணம்

சமக்ர சிக்ஷா என்பது பள்ளிக் கல்விக்காக மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் நடக்கிற திட்டம். அதன் கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் உண்டு. 30 பேர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 பேர் வரை 25,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். இது போக, தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு 5,000, விளையாட்டுப் பொருளுக்கு 5,000 வரை என்று தனி வரம்புகள் இருக்கின்றன. கேள்விப்பட்ட தொகை சரிதான்.

ஆனால் பாஸ்புக்கில் பூஜ்யம் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் பணம் பள்ளிக் கணக்கில் வந்து விழும். 2021-லிருந்து முறை மாறிவிட்டது. மாநிலத்துக்கே ஒரு மையக் கணக்கு. பள்ளியின் கணக்கில் இருப்பு எப்போதும் பூஜ்யம்தான். இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று பள்ளிக்கு ஒரு வரம்பு மட்டும் வரும். பில் போட்டால் மையக் கணக்கிலிருந்து பணம் போகும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அந்த வரம்பும் கையைவிட்டுப் போய்விடும். இன்னொன்றும் உண்டு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற இழுபறியில் உங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவும் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் தலைமை ஆசிரியர் எடுத்திருக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. எடுத்தார் என்று சொல்ல உங்கள் கையில் இப்போது ஒன்றும் இல்லை என்கிறேன். தெரிந்துகொள்ள நேரான வழி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-வது பிரிவில் மேலாண்மைக் குழுவுக்கு என்னென்ன வேலை என்று சொல்கிறது. அதில் ஒன்று, பள்ளிக்கு அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. அதாவது, கணக்குக் கேட்பது உங்கள் கடமை. அடுத்த மாதக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்: “சார், இந்த வருஷமும் போன வருஷமும் எவ்வளவு வரம்பு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சு, ரசீது ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க.” காட்டினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கையெழுத்து

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கே போலீசில் புகார் கொடுத்தால், விசாரணைக்கு வருபவர் முதலில் எடுத்துப் பார்ப்பது உங்கள் கையெழுத்தைத்தான். தலைமை ஆசிரியரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். இத்தனை நாள் படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு, “எனக்குத் தெரியாது” என்பது சட்டத்தில் முழுப் பதில் ஆகாது. ஆதாரம் இல்லாமல் ஒரு அரசு ஊழியர் மீது பணக் குற்றம் சொன்னால், அதுவே உங்கள் மேல் திரும்பவும் கூடும். ஆகவே காவல் நிலையம் இப்போது வேண்டாம்.

அதற்குப் பதில் இன்றிலிருந்து ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிக்குப் போங்கள், உட்காருங்கள், தாளை வாசியுங்கள், தொகையையும் தேதியையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு போடுங்கள். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத ரசீதிலோ யார் கேட்டாலும் போடாதீர்கள். “படிச்சுட்டுப் போடுறேன் சார்” என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

இனி டீச்சர் விஷயம்

என் அம்மா இருபத்தேழு வருடம் ஈராசிரியர் பள்ளிகளில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்ப்பவர் லீவு போட்ட நாட்களில் அவர் படும் பாட்டை வீட்டிலிருந்து பார்த்தவள் நான். மூன்றாம் வகுப்பைத் திண்ணையில் உட்காரவைத்து வாய்ப்பாடு எழுதச் சொல்லுவார். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை எழுப்பி ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டச் சொல்லுவார். அதற்குள் சத்துணவு அமைப்பாளர் எண்ணிக்கை கேட்டு வாசலில் நிற்பார். அன்றைக்கு யாரும் ஒன்றும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் அப்படி என்றால் பரவாயில்லை. உங்கள் பள்ளியில் அது ஏழு மாதம் நடந்திருக்கிறது. இப்போது வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு எல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டிய வேலையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் தலைமை ஆசிரியரும் இந்த மாற்றுப்பணியில் பாதிக்கப்பட்டவர்தான் என்பதை மனதில் வையுங்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். 38 பேர் இருந்தாலும் இரண்டு, நாலு பேர் போய் 34 ஆனாலும் இரண்டு. “பிள்ளைங்க கம்மி, அதனால ஒருத்தர் போதும்” என்று உங்களிடம் யாரும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம் 25-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. இந்த மாணவர்-ஆசிரியர் விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்கிறது அது. 27-வது பிரிவில் சொல்லியிருக்கிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை ஆகியவை மட்டும்தான் விலக்கு.

காகிதத்தில் உங்கள் பள்ளிக்கு இப்போதும் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பணியிடம் உங்கள் பள்ளியில், ஆள் வேறொரு பள்ளியில். மேலே இருப்பவர் கணினியில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை மேலே தெரிவிக்கக்கூடியவர்கள் நீங்களும் உங்கள் குழுவும்தான். தலைமை ஆசிரியரால் வட்டாரக் கல்வி அலுவலரை எதிர்த்து ஒரு வரி எழுதுவது கடினம். பெற்றோர் தீர்மானம் போட்டால் அவர் அதை மேலே அனுப்பி வைத்தால் போதும். அவரிடம் இதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்.

தீர்மானத்தில் என்ன எழுதுவது?

நீட்டி முழக்க வேண்டாம். பள்ளியில் எத்தனை பிள்ளைகள், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் இருக்கிறார், இது 25-வது பிரிவுக்கும் அட்டவணைக்கும் முரணானது, இத்தனை நாளுக்குள் அவரைத் திருப்பி அனுப்பவோ மாற்று ஆசிரியரைத் தரவோ கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான். பணத்தைப் பற்றியோ, எந்த ஆளைப் பற்றியோ இந்தத் தீர்மானத்தில் ஒரு சொல்லும் வரக்கூடாது. இரண்டையும் கலந்தால் பஞ்சாயத்து திசை மாறிவிடும். வந்திருக்கும் எல்லா உறுப்பினர்களும் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. பேரன்ட்ஸ் செயலியிலும் தீர்மானத்தைப் பதிவேற்றச் சொல்லுங்கள்.

நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கையில் கொடுத்தால் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. உங்கள் ஊரில் இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் என்று எழுதியிருந்தீர்கள். சபை கூடினால் தீர்மானம் செல்லும். கழிப்பறைக் கதவையும் அங்கேயே கேளுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்ற பேர் சும்மா வரவில்லை. கட்டடத்துக்கு ஒன்றியமும் பொறுப்பு, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பத்து வயதுப் பெண் குழந்தை கதவில்லாத இடத்துக்குப் போக மாட்டாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதற்கெல்லாம் ஒரு வருடம் பொறுத்திருக்கக் கூடாது.

தபால் போய் ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாற்றுப்பணி ஆணையின் நகல், அதைக் கொடுத்தவரின் பதவி, எதுவரை, அந்த ஆசிரியரின் சம்பளம் எந்தப் பள்ளியின் பேரில் எடுக்கப்படுகிறது, உங்கள் பள்ளிக்கு இரண்டு ஆண்டுகளில் தரப்பட்ட மானிய வரம்பும் செலவும். “ஏன்” என்று கேட்காதீர்கள், “நகல் தருக” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். என் அனுபவத்தில், வாய்மொழியாக அனுப்பப்பட்ட பல மாற்றுப்பணிகள் ஆணை நகலைக் கேட்டதுமே முடிவுக்கு வந்திருக்கின்றன.

வழக்கு?

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதுவும் ஆகவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு. வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆனால் இந்தக் கட்டம்வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

“மூடிருவோம்” என்ற மிரட்டலுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். 2019-ல் 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கினார்கள். அவை ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகள். 38 பிள்ளைகள் இருக்கிற பள்ளியை ஒரு அலுவலர் நினைத்த மாத்திரத்தில் மூட முடியாது. தமிழ்நாட்டு விதிப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கையை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள். 30-க்கோ அதற்குக் கீழோ போனால் மானியமும் 10,000 ஆகிவிடும். வேனில் போகிற அந்த நான்கு வீட்டாரிடமும் சண்டை போடாதீர்கள். டீச்சர் திரும்பி வந்தால் அவர்களில் சிலரும் திரும்புவார்கள்.

பாப்பாவை மாற்றலாமா?

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்கிற அந்த 25 சதவீத ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. நான்காவது படிக்கிற மகளுக்கு அதில் வழி இல்லை. சேர்த்தால் முழுக் கட்டணம், வேன் கட்டணம். தமிழில் ‘பொ’வில் தடுக்குகிற குழந்தையை அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு ஆங்கில வழியில் உட்காரவைத்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடும். இளையவனுக்கு அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நிதிப் பிணக்கால் 2025-ல் அந்தச் சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது.

ஆனால், வெளியே சேர்த்தால் அரசுப் பள்ளிச் சலுகை எல்லாம் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள், அது முழுக்கச் சரியல்ல. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. தொடக்கப் பள்ளியை எங்கே படித்தாலும் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டால் இழப்பில்லை. இதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், இந்த வருடம் மாற்ற வேண்டாம் என்பேன்.

அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறேன். நான் ஆசிரியை இல்லை, ஆசிரியையின் மகள். அம்மாவிடமே உங்கள் வரிகளை வாசித்துக் காட்டினேன். எண்பது வயதில் அவர் சட்டென்று சொன்னது இது: “பிள்ளைக்கு எழுத்து தெரியும்டி. காலை மட்டும் பாத்துட்டா, முன்னாடி இருக்கிற கொம்பைப் பாக்கல.” ‘பொ’வில் முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால். பாப்பா பின்னால் இருக்கிற காலை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பா’ என்றிருக்கிறாள். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற கொ, கோ வரிசை அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். தினம் இருபது நிமிடம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து ஐந்து சொல்லாக: பொட்டு, கொடி, தொட்டி, கோழி, தோசை. நூறு நாள் வேலைக்குப் போய்வந்து களைப்பாக இருக்கும், தெரியும். பத்தாவது வரை படித்த உங்களால் இது முடியும்.

பள்ளியிலும் கேளுங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022-லிருந்து சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்தினார்கள். உங்கள் மகள் மூன்றாம் வகுப்பை எந்த நிலையில் முடித்தாள்? மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், எத்தனை பேர் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள்? குழுக் கூட்டத்தில் செலவுக் கணக்கைக் கேட்கும் அதே குரலில் இதையும் மாதா மாதம் கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும். பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம், பேரும் வேண்டாம். இந்தக் கணக்கையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். டீச்சர் இல்லாத ஏழு மாதத்தில் பிள்ளைகள் எங்கே நின்றார்கள், வந்த பிறகு எங்கே போனார்கள் என்பது அதில் தெரியும்.

உங்கள் குழுவின் பதவிக்காலம் இரண்டு வருடம்தான். அதனால் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே வையுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கணவரிடம் இந்தப் பதிலை வாட்ஸப்பில் வாசித்துக் காட்டுங்கள். மாற்றுப்பணி ஆணையின் நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். அதன் வாசகத்தைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று சொல்கிறேன்.